பிள்ளை பிறக்காத சனிக்கிழமை

நுவரெலியாவுக்கு ஒரு பஸ்ஸைப் பிடிப்பது எங்களுக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. பிள்ளை பிறக்காத ஒரு சனிக்கிழமையைப் பிடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

அறுபதுகளின் தொடக்கம். கிளிநொச்சிக்குக் கிழக்கே ஒரு குடியேற்றத் திட்டத்தில் நான் அரசாங்க மருத்துவிச்சி. ஊரார் 'மிஸ்ஸி' என்று கூப்பிடுவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்த இளம் குடும்பங்கள்தான் என் பகுதி முழுவதும். இளம் குடும்பங்கள் என்றால் மருத்துவிச்சிக்கு வேலை குறையுமா? அங்கே போன ஐந்து வருடத்தில் மாதாந்தக் கூட்டத்தைத் தவிர வேறு எதற்கும் நான் பரந்தன் சந்தியைத் தாண்டியதில்லை.

1. பெயர் முட்டாத நாள்

பயணத்தைத் தொடக்கியவர் மாதர் சங்கச் செயலாளர் பூமணியக்கா. பங்குனியில் நெல் வீட்டுக்கு வந்ததும் அவருக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. வெள்ளி பின்னேரம் புறப்பட்டு, சனி விடிய நுவரெலியா. வாவி, பூந்தோட்டம், குளிர் எல்லாம் பார்த்து நாலு மணிக்குத் திரும்பினால் ஞாயிறு காலை வீடு. 'ஒருநாள் பயணம்' என்று பெயர், இரண்டு இரவு பஸ்ஸுக்குள். கம்பளிச் சட்டை ஊரிலேயே இரண்டு பேரிடம்தான் இருந்தது. மற்றவர்கள் ஒன்றுக்குமேல் ஒன்றாக இரண்டு சேலை உடுத்தலாம் என்று சங்கத்தில் தீர்மானமாயிற்று.

நானும் வருவேன் என்று சொல்லிவிட்டேன். என் அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு கலண்டர் படம் ஒட்டியிருந்தேன். அதில் நுவரெலியா வாவியும் அதன் பின்னால் மலையும் இருக்கும். கிளினிக்குக்கு வருகிற பெண்களுக்கெல்லாம் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். வாய் கொஞ்சம் நீளம் எனக்கு.

லீவு கேட்டபோது எனக்கு மேலே இருந்த பப்ளிக் ஹெல்த் நேர்ஸ் ஒரு நிபந்தனை போட்டார்.

"போற நாளுக்கு முன்னுக்குப் பத்து நாள், பின்னுக்குப் பத்து நாள், உம்மடை ரெஜிஸ்டரிலை ஒரு பெயரும் முட்டக்கூடாது. அப்பிடி ஒரு சனி கிடைச்சால் போட்டு வாரும்."

பூமணியக்காவும் நானும் ரெஜிஸ்டரை மேசையில் விரித்துப் பார்த்தோம். பஸ்காரர் தரக்கூடியது ஒரேயொரு சனிக்கிழமை. அந்தச் சனியில் ஒரு பெயர் முட்டியது. தவமணி, முதல் பிள்ளை, பிரசவத் திகதி சனி கழித்து மூன்றாம் நாள்.

"வேறை சனி கேட்டுப் பாப்பமோ?" என்றார் பூமணியக்கா.

"பஸ்காரர் தரமாட்டார் அக்கா. பிறகு சித்திரை வருசமும் வந்திடும், சிறுபோக வேலையும் வந்திடும். நீங்கள் போட்டு வந்து எனக்குக் கதை சொல்லுங்கோ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். குவாட்டர்ஸுக்கு வந்து அன்று அலுமாரியைத் திறக்கவில்லை.

2. திருத்திய மாதம்

அடுத்த புதன் கிளினிக்குக்குத் தவமணி வந்தாள். மெலிந்த பெண், அதிகம் கதைக்கமாட்டாள். தாய் இல்லை. அவளுடைய அக்காவுக்கு இரண்டு பிள்ளைகளையும் பிறப்பித்தது நான்தான்.

"மிஸ்ஸி, என்ரை மாசம் பிழைச்சுப்போச்சு."

"என்ன பிழை?"

"வைகாசியிலை வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போட்டு வந்த கிழமைதான் கடைசி எண்டு சொன்னனான். பிறகும் ஒருக்கா வந்தது. ஆடி அமாவாசையோடைதான் நிண்டது."

"இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை?"

"இப்பதான் ஞாபகம் வந்தது."

அப்படியானால் பிரசவம் சித்திரைக் கடைசியில். அவளைப் படுக்கவைத்துத் தொப்புளுக்கு மேல் விரல் வைத்து அளந்தேன். வயிற்றின் உயரம் எட்டாம் மாதக் கணக்குக்குச் சரியாக இருந்தது.

இந்த இடத்தை இளம் மருத்துவமாதர் கவனித்து வாசிக்க வேண்டும். முதல் பிள்ளைக்காரிக்கு மாதம் நிறையும்போது தலை இடுப்புக்குள் இறங்கும். வயிறும் கூடவே இறங்கும். அப்போது விரலால் அளந்தால் எட்டாம் மாத உயரம்தான் காட்டும். எட்டா, நிறைமாதமா என்று அறிய வேண்டுமானால் கை கீழே போய்த் தலை அசைகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் வருடத்திலேயே படித்த பாடம் அது. ரெஜிஸ்டரில் முந்திய பக்கத்தைப் புரட்டியிருந்தாலும் போதும், போன மாதங்களில் நானே எழுதிய அளவுகள் காட்டிக்கொடுத்திருக்கும்.

நான் கையைக் கீழே கொண்டுபோகவில்லை, பக்கத்தையும் புரட்டவில்லை. களைப்பு என்று சொல்லமாட்டேன். அந்தக் கைக்கு நுவரெலியா போக ஆசை. பழைய திகதியை ஒரு கோட்டால் வெட்டிப் புதியதை எழுதினேன். லீவும் கிடைத்தது.

3. மிதிபலகை

வெள்ளி பின்னேரம் பஸ் கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் நின்றது. பூமணியக்கா எனக்கு முன்சீற்றில் ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருந்தார். பையைக் கொடுத்துவிட்டு மிதிபலகையில் ஒரு காலை வைத்தபோது தவமணி வந்தாள். கையில் எள்ளுருண்டைப் பொட்டலம்.

"வழியிலை சாப்பிடுங்கோ மிஸ்ஸி."

"இவ்வளவு தூரம் ஏன் நடந்து வந்தனீ?"

"இப்ப நடக்கச் சுகமாயிருக்கு. முந்தி நெஞ்சு முட்டும். இந்தக் கிழமை மூச்சு நல்லா வருது, சாப்பாடும் இறங்குது. நீங்கள் யோசியாமல் போட்டு வாங்கோ."

என்னை நிம்மதியாக அனுப்பத்தான் அப்படிச் சொன்னாள். ஆனால் எட்டாம் மாதத்தில் நெஞ்சு முட்டுவது கூடுமே தவிரக் குறையாது. தலை இறங்கினவளுக்குத்தான் மூச்சு இலேசாக வரும்.

நான் காலை எடுத்துக் கீழே வைத்தேன்.

"பூமணியக்கா, என்ரை பையைத் தாங்கோ."

"என்ன மிஸ்ஸி, பகிடி விடுறியளோ?"

"இல்லை அக்கா. நீங்கள் போங்கோ."

தவமணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். "ஏறுங்கோ மிஸ்ஸி, எனக்கு ஒண்டுமில்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். டிரைவர் இரண்டு தரம் ஹோர்ன் அடித்துப் பார்த்துவிட்டுப் பஸ்ஸை எடுத்தார். அவளை வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்து, புதன்கிழமை வைத்திருக்க வேண்டிய இடத்தில் கையை வைத்தேன். தலை அசையாமல் இறுகி நின்றது. அவள்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்தது பெரிது.

4. சனிக்கிழமை

விடிய வலி தொடங்கியது, மதியத்துக்குள் தலை வெளியே வந்தது. கொடி கழுத்தில் இரண்டு சுற்று, விரல் நுழையாத இறுக்கம். இரண்டு கிளாம்ப் போட்டு நடுவில் வெட்டித்தான் உடலை எடுத்தேன். பிள்ளை நீலம், சத்தமில்லை. வாயைத் துடைத்து, தலையைத் தாழ்த்திப் பிடித்து, உள்ளங்காலில் சுண்டினேன். மீண்டும் சுண்டினேன். அது அழுத சத்தத்தில் கிணற்றடியில் நின்ற தவமணியின் புருசன் அப்படியே நிலத்தில் குந்திவிட்டானாம்.

பொம்பிளைப் பிள்ளை. எல்லாம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டேன்.

"ஏன் பொய் சொன்னனீ?"

பிள்ளையின் துணியை இழுத்து மூடிவிட்டுச் சொன்னாள்.

"என்ரை திகதிதான் முட்டுது எண்டு பூமணியக்கா சொன்னவ. உண்மை சொன்னா நீங்கள் நிண்டிருப்பியள். அக்காவுக்கு வலி வந்த மாரியிலை இடுப்பளவு தண்ணிக்குள்ளாலை வாய்க்காலைக் கடந்து வந்தனீங்கள். உங்களுக்கு ஒரு நாள் தரவேணும் எண்டு நினைச்சன். வலி வந்தால் ஞாயிறு வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடக்கலாம் எண்டு நினைச்சன்."

பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நான்தான் அழுதேன்.

ஞாயிறு காலை பஸ் வந்தது. பூமணியக்கா நேரே தவமணி வீட்டுக்கு வந்தார். குளிரில் அடைத்த தொண்டை இன்னும் திறக்கவில்லை.

"உங்கடை சீற்றிலை ஒருத்தரையும் இருக்க விடேல்லை மிஸ்ஸி. போகேக்கையும் வரேக்கையும்."

வரும்போது அந்தச் சீற்றில் இருந்தது ஒரு சாக்கு மலைநாட்டு மரக்கறி: கோவாவும் கரட்டும் லீக்ஸும். தூக்கமுடியாமல் மூன்று பேர் குவாட்டர்ஸுக்குக் கொண்டுவந்து தந்தார்கள். இரண்டு கிழமை லீக்ஸ் கறி சாப்பிட்டேன்.

பென்சன் எடுத்த பிறகு நுவரெலியாவை நேரில் பார்த்தேன். நல்ல இடம், நல்ல குளிர். வாவிக்கரையில் நின்றபோது ஓர் ஊரே எனக்காகக் காலியாக வைத்திருந்த அந்தச் சீற்றைத்தான் நினைத்தேன். அரசாங்கம் எனக்குத் தந்த சான்றிதழ்கள் எங்கே என்று தெரியாது. அந்தச் சீற் எனக்குப் போதும்.

வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல இரண்டு விஷயம் உண்டு. உங்கள் ஆசைகளைக் கிளினிக்கில் கதைக்காதீர்கள், கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அதை நிறைவேற்றப் பார்ப்பார்கள். ஒரு பெண் சொல்கிற மாதத்தை எழுதுங்கள், ஆனால் கை கீழே போய்ப் பார்க்கும்வரை நம்பாதீர்கள். அவளுக்கு உங்களில் அன்பு இருந்தால் கட்டாயம் நம்பாதீர்கள்.