கும்பிடுபூச்சியின் கடைசிச் சட்டை

கும்பிடுபூச்சி வளர்ப்பவள் என்று என்னைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் எங்கள் குடியிருப்பில் யாருமில்லை. தொண்ணூறுகளின் பின்பாதி அது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்காற்றில் ஜன்னல் கம்பிகள் ஓயாமல் துருப்பிடித்துக்கொண்டிருந்த அரசாங்கக் குடியிருப்பு. மற்ற வீடுகளில் ரோஜாத் தொட்டி வைத்தார்கள், லவ் பேர்ட்ஸ் வளர்த்தார்கள். நான் செம்பருத்திச் செடியிலிருந்து விரல் நுனி அளவுகூட இல்லாத ஒரு பச்சைப் பூச்சியைப் பிடித்துவந்து ஊறுகாய் பாட்டிலில் விட்டேன்.

"இது உனக்கு மாமியாரா, நாத்தனாரா? இப்படிப் பயந்து பயந்து கவனிக்கிறியே" என்பார் வீட்டுக்காரர். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு உயிரைக் கொண்டுவந்து வைத்தால் ஒழுங்காக வைத்திருக்க வேண்டாமா?

ஊறுகாய் பாட்டில் அதற்கு ஏற்ற வீடில்லை என்பது ஒரு கால் போன பிறகுதான் தெரிந்தது. கும்பிடுபூச்சி வளர வளரப் பழைய தோலைக் கழற்றிப்போடும். நாங்கள் அதைச் சட்டை கழற்றுவது என்போம். கூரையைக் கால்களால் கவ்வித் தலைகீழாகத் தொங்கி, முதுகுப் பக்கம் வெடிக்கும் தோலிலிருந்து மெல்ல வழுக்கி இறங்கும். பாட்டில் மூடியில் நகம் பிடிக்கவில்லை. பாதியில் விழுந்தது. இடது நடுக்கால் பழைய தோலுக்குள்ளேயே சிக்கி முறிந்துபோனது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன கால் அடுத்தடுத்த சட்டைகளில் திரும்ப முளைக்கும் என்று குடியிருப்பு நூலகத்துப் புத்தகம் ஒன்று சொன்னது. அதற்கு ஒழுங்கான கூண்டு வேண்டும். இரண்டு எம்பிராய்டரி வளையங்களை எடுத்தேன். கிழிந்த கொசுவலையை உருளையாகத் தைத்து மேலே ஒன்று, கீழே ஒன்று பொருத்தினேன். பழைய கைப்பையின் ஜிப்பைப் பிரித்துப் பக்கவாட்டில் கதவாக வைத்தேன். கூரை முழுக்க வலை, எங்கு கால் வைத்தாலும் பிடிப்பு கிடைக்கும். பூச்சியின் நீளத்தைப் போல மூன்று பங்கு உயரம் அதற்குக் கீழே காலியாக இருக்க வேண்டும், குச்சி கிச்சி எதுவும் குறுக்கே வரக் கூடாது. இறங்கும்போது எதிலாவது இடித்தால் முடிந்தது கதை. தோல் காய்ந்து ஒட்டாமலிருக்க, இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கிற பாட்டிலால் காலையில் வலையை நனைப்பேன். தொங்கவிட்ட கயிற்றில் எறும்பு வராமலிருக்க விளக்கெண்ணெய் தடவினேன். பின்னறையில், வெண்டிலேட்டருக்கு நேர் கீழே, காற்று வரட்டும் என்று மாட்டினேன்.

அந்தக் கூண்டில் கழற்றிய சட்டையில் காலிருந்த இடத்தில் ஒரு சின்ன முளை வந்தது. அடுத்தது கடைசிச் சட்டை. அதிலிருந்து இறக்கையோடு வெளியே வரும், பிறகு சாகும்வரை கழற்றாது. கால் வந்தால் அதில் வர வேண்டும், இல்லையென்றால் இல்லை. தினமும் காலையில் கூண்டுக்கு முன்னால் நின்று, "இந்தத் தடவை விட்டா உனக்குக் கால் கிடையாதுடி, ஒழுங்கா இறங்கு" என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அது தின்பதை நிறுத்தியது. மிச்சமிருந்த வெட்டுக்கிளியை வெளியே எடுத்துப்போட்டேன். புதுத்தோல் வெண்ணெய் மாதிரி இருக்கும் நேரத்தில் இரையே அதைக் கடித்துவிடும். ஒரு சாயங்காலம் பார்த்தால், தலைகீழாகத் தொங்கி, கழுத்துக்குப் பின்னால் தோல் பிளக்கத் தொடங்கியிருந்தது. இனி முடியும்வரை கூண்டை அசைக்கக் கூடாது.

அப்போதுதான் தெருவில் அந்தச் சத்தம் கேட்டது. கொசு மருந்துப் புகை மெஷின்.

ஓடிப்போய் முன் ஜன்னல்களைச் சாத்தினேன். கதவிடுக்கில் ஈரத்துண்டைத் திணித்தேன். பின்னறைக்கு வந்து நிமிர்ந்து பார்த்தேன். வெண்டிலேட்டரில் கண்ணாடிப் பட்டைகள் பாதி இல்லை. உள்ளிருந்து அதை அடைக்க வேண்டுமென்றால் கூண்டைத் தள்ள வேண்டும். வெளியிலிருந்து அடைக்கலாமென்று பின்கதவைத் திறந்தேன். மெஷின்காரர் ஏற்கெனவே இரண்டு வீட்டுக்கும் பொதுவான பின்நடைக்கு வந்து மெஷினை நிறுத்தியிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா சாக்கடையைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

அக்கா திருநெல்வேலிக்காரி. அவள் மகனுக்கு மலேரியா. ஆபீஸ் ஆபீஸாக ஏறி இந்தப் புகையை வரவழைத்ததே அவள்தான்.

"இன்னாம்மா, எல்லாத்தையும் சாத்திகினு கீற? பொகை உள்ள போவ வேணாமா?" என்றார் மெஷின்காரர்.

"கொஞ்ச நேரம் கழிச்சு அடிங்க. உள்ள ஒரு பூச்சி சட்டை கழட்டுது."

"பூச்சியக் கொல்லத்தான் மா வந்துகீறோம்" என்று அவர் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. "ஏட்டி, எம்பிள்ளை உள்ள கிடந்து நடுங்குதான். நீ ஒரு பூச்சிக்குப் பாக்க."

"உங்க பிள்ளைக்கு ஜுரம்னா அதுக்கு நான் என்ன செய்ய?" என்று கத்திவிட்டேன். எனக்கு வாய் எப்போதுமே முந்திக்கொள்ளும். அவள் முகம் சுண்டிப்போனது. மெஷின்காரர் கயிற்றை இழுத்தார். மெஷின் உறுமியது. நான் உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினேன்.

பூச்சி பாதி வெளியே வந்திருந்தது. வெளுத்த பச்சையில், வயிற்று நுனி மட்டும் பழைய தோலுக்குள் இருக்க, தலை கீழே தொங்கியது. டீசலும் மருந்தும் கலந்த நாற்றம் மூக்கில் ஏறியது. திடீரென்று அறை இருட்டியது. புகை வந்து அடைத்துவிட்டது என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

பூச்சி அசைவதை நிறுத்திவிட்டது.

கால்கள் உடம்போடு ஒட்டி ஈரமாகக் கிடந்தன. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அசையவில்லை. கைதூக்கி விட்டால் வந்துவிடும், ஒரே ஒரு விரல் கொடுத்தால் போதும் என்று தோன்றியது. ஜிப்பில் கை வைத்தேன். தொட்டால் மெல்லிய கால்கள் நூலாகப் பிய்ந்துவிடும் என்பதும் தெரியும். செத்துக்கொண்டிருக்கிறதா, இளைப்பாறுகிறதா என்று எப்படிச் சொல்வது? கையை எடுத்து முந்தானையில் சுற்றி இறுக்கிக்கொண்டேன். வெளியே மெஷின் சத்தம் மெல்லத் தள்ளிப் போனது. எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன்.

ஒரு கால் விரிந்தது. பிறகு இன்னொன்று. சட்டென்று உடம்பை மேலே வளைத்துத் தன் பழைய சட்டையையே பிடித்து ஏறி, வயிற்றை உருவிக்கொண்டது. எண்ணினேன். இடது நடுக்கால் இருந்தது. மற்றதைவிடக் குட்டைதான், ஆனால் முழுக்கால். அது வலையைக் கவ்விப் பிடித்திருந்தது. கசங்கிய பூவிதழ் போலிருந்த இறக்கைகள் மெல்ல நீளத் தொடங்கின.

அறையில் புகையே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. நிமிர்ந்தேன். வெண்டிலேட்டரை வெளியிலிருந்து ஏதோ துணி மறைத்திருந்தது. பின்கதவைத் திறந்தேன். நடையில் இன்னும் வெள்ளைப் புகை சுருண்டுகொண்டிருந்தது. துணி துவைக்கிற கல்மேல் அக்கா ஏறி நின்று, ஈரப் போர்வையை இரண்டு கைகளாலும் வெண்டிலேட்டரில் அழுத்திப் பிடித்திருந்தாள். கண்கள் சிவந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது. இருமிக்கொண்டே கேட்டாள்.

"கால் வந்துட்டா?"

காலைப் பற்றி அவளிடம் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. காலையில் கூண்டுக்கு முன்னால் நான் பேசியதையெல்லாம் இந்தப் பக்கம் துணி துவைத்துக்கொண்டே கேட்டிருக்கிறாள்.

"வந்துடுச்சுக்கா" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"அழாதட்டி. இதப் பிடி, எம்பிள்ளை அங்க தனியாக் கிடக்கான்." போர்வையை என் கையில் திணித்துவிட்டுக் கல்லிலிருந்து இறங்கி விறுவிறுவென்று நடந்தாள்.

போர்வையை அப்படியே கல்மேல் போட்டுவிட்டு, பிள்ளையைப் பார்க்க நானும் அவள் பின்னால் ஓடினேன்.