பிள்ளையில்லாத இசக்கி

பேச்சிராஜுக்கு வெள்ளம் என்றால் பயமே கிடையாது. பதினெட்டு வருஷமாகக் குற்றாலம் பேரருவிக் கரையில் எண்ணெய் தேய்க்கிறவன். வெள்ளம் வடிந்த மறுநாள் முதல் ஆளாகப் போய்ப் பாறை இடுக்கில் கையை விட்டுத் துழாவுவான். மோதிரம், கொலுசு, ஒரு தடவை பல்செட்டுகூடக் கிடைத்தது. ஆனால் இந்த ஐப்பசியில் கிடைத்த வெள்ளிக்காசு அவனைப் படுத்திய பாடு இருக்கிறதே, அப்பப்பா!

ஒரு பக்கம் இலைமாலை சூடிய ஆம்பிளைத் தலை. மறுபக்கம் நாற்காலியில் ஒரு பொம்பளை, ஒரு கையில் ஈட்டி, மறுகையில் ஏதோ மரக்கொப்பு. மேலகரத்து வீட்டில் நிறைமாதமாக இருந்த மனைவி உலகம்மையிடம் பெருமையாக நீட்டினான்.

"இது இசக்கியம்மைலா!" அவள் காசைக் கீழே போட்டுவிட்டாள். "வாயும் வயிறுமா இருக்கவ வீட்டுக்குள்ள இவளைக் கொண்டாரலாமா?"

பிள்ளைத்தாய்ச்சிகள் பயப்படும் சாமி இசக்கி; அவள் சிலை என்றால் இடுப்பில் பிள்ளை இருக்கும். காசில் இருந்தவளுக்கு இல்லை. அப்படியென்றால் யாருடைய பிள்ளையைத் தேடி வந்திருக்கிறாள்? உலகம்மைக்கு முந்தின பிள்ளை ஏழாம் மாசமே தவறியிருந்தது.

பஜாரில் பழங்காசு விற்கும் மசூது பாய் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏலே, இது ரோமாபுரிக் காசு. ரெண்டாயிரம் வருசம் இருக்கும். இவ அந்த ராசாவோட அம்மைன்னு சொல்லுதாங்க."

"அம்மைன்னா பிள்ளை எங்க பாய்?"

பாய் காசைத் திருப்பினார். "இந்தா, ராசா. இவன்தான் பிள்ளை."

பாய் சொன்னது தைரியத்துக்கு. பேச்சிராஜுக்கோ இருந்த தைரியமும் போயிற்று. பெற்ற பிள்ளை முதுகுக்குப் பின்னால்; எத்தனை வருஷமானாலும் அவளால் திரும்பிப் பார்க்க முடியாது. பாவி மனுஷி, ஏங்காமல் என்ன செய்வாள்?

எடுத்த இடத்திலேயே போட்டுவிட ஓடினான். அருவியில் மறுபடி வெள்ளம். போலீஸ்காரர் கயிறு கட்டி மறித்து நின்றார். கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது, உலகம்மைக்கு வலி எடுத்துவிட்டதென்று.

தென்காசி ஆஸ்பத்திரி வாசலில் காசைப் பொத்தியபடி ஐந்து மணிநேரம் உட்கார்ந்திருந்தான். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பெண்பிள்ளை. நன்றாகவே அழுதது.

உலகம்மை அயர்ந்து தூங்கினாள். பேச்சிராஜ் காசை எடுத்து, பொம்பளை இருந்த பக்கத்தைப் பிள்ளையின் முகத்துக்கு நேராகப் பிடித்தான்.

"நல்லாப் பாத்துக்கோ தாயே. இசக்கின்னு உம் பேரையே வச்சிருக்கேன். இது உம்பிள்ளைதான். எங்ககிட்ட வளரட்டும்."