கானாடுகாத்தான் கூட்டமும் தேவகோட்டைக்கு வராத கம்பியும்

காரைக்குடி பக்கம் கிளை அலுவலகம் திறக்கப்போகும் ஒருவர், அங்கே போய் இடம் பார்க்க ஒரு நாள் போதுமா, ஈதர்நெட் சேவை கேட்டால் யாரை நம்புவது என்று எழுதியிருந்தார். முதல் கேள்விக்குப் பதில் சுலபம். இரண்டாவதற்கு, 1999இல் நான் அங்கே போய்வந்த ஒரு பயணத்தைத்தான் சொல்லவேண்டும்.

அப்போது நான் சென்னையில் வங்கிக் கிளைகளைக் கணினி வழியாக இணைக்கும் நிறுவனமொன்றில் இஞ்சினியர். விடுமுறையில் மதுரைக்கு வந்திருந்தேன். அப்பா தொலைபேசித் துறையில் ஓய்வுபெற்று, கணினி இணைப்பு விற்கும் ஒரு தனியார் கம்பெனிக்கு ஆலோசகராகச் சேர்ந்திருந்தார். "கானாடுகாத்தான்ல ஒரு கூட்டம்மா, நான்தான் பேசுறேன். நீயும் வாயேன்" என்றார். சட்டைக்கு இஸ்திரி போடக் கொடுத்தது முதல் ஷூவுக்குப் பாலிஷ் போட்டது வரை அவர் காட்டிய உற்சாகத்தைப் பார்த்துவிட்டு மறுக்க முடியவில்லை.

மதுரையில் காலை ஆறரைக்குப் பஸ். திருப்பத்தூர் வழி, ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். ஒன்பது மணிக்குக் காரைக்குடி. பஸ் நிலையத்துக்கு எதிரே இட்லி தின்றுவிட்டு அம்பாசடர் ஒன்றைப் பேசினோம். கானாடுகாத்தான் போய், காத்திருந்து, திரும்ப முந்நூறு ரூபாய். (இந்தக் கணக்கை இன்றைக்கு நம்பிப் போகாதீர்கள்.)

"எங்குட்டு, பெரிய வீடு பாக்கவா?" என்றார் டிரைவர்.

"இல்ல, மீட்டிங்" என்றார் அப்பா. அந்தச் சொல்லை அவர் ரசித்துச் சொன்னார்.

பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். ஊருக்குள் நுழைந்தால் தெருவுக்குத் தெரு கோட்டை மாதிரி வீடுகள், பாதிக்கு மேல் பூட்டுத் தொங்கியது. கம்பெனி அப்படியொரு வீட்டின் முகப்புக் கூடத்தை வாடகைக்கு எடுத்திருந்தது. பளிங்குத் தரை, வழவழக்கும் தேக்குத் தூண்கள், நடுவே புரொஜெக்டர். அரிசி ஆலைக்காரர்கள், நகைக்கடைக்காரர்கள், மருந்து மொத்த வியாபாரிகள் என்று இருபது பேர் போல வந்திருந்தார்கள். மதுரையிலிருந்து வந்திருந்த கம்பெனி மேனேஜர் கழுத்தில் டையோடு நின்றார்.

அப்பா நன்றாகவே தொடங்கினார். ஈதர்நெட் என்பது ஓர் அலுவலகத்துக்குள் கணினிகளைச் சேர்த்துக் கட்டும் கம்பி முறை. அதையே தொலைபேசிச் சேவை நடத்துபவர்கள் ஊர் தாண்டி நீட்டிக் கொடுத்தால் அது ஈதர்நெட் சேவை. நீங்கள் இந்த முனையிலும் அந்த முனையிலும் கம்பியைச் செருகினால் போதும். நடுவில் உள்ளதெல்லாம் அவர்கள் பொறுப்பு. இரண்டு ஊரில் இருக்கும் கணினிகள் ஒரே அறையில் இருப்பதுபோலப் பேசிக்கொள்ளும்.

"அப்ப இது கேபிள் டிவி மாதிரியா சார்?" என்று கேட்டார் ஒரு நகைக்கடைக்காரர்.

"அதுல நீங்க பாக்க மட்டும்தான் முடியும். இதுல ரெண்டு பக்கமும் பேசலாம்." கூடம் சிரித்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்து, ஒளிபுகும் தாளில் வரைந்த ஒரு வரைபடத்தைத் திரையில் போட்டார். காரைக்குடி, தேவகோட்டை, சாக்கோட்டை. மூன்றுக்கும் நடுவே தடித்த சிவப்புக் கோடு. மேலே, பத்து மெகாபிட் வேகம் என்று எழுதியிருந்தது. "மூணு மாசத்துல கொடுத்துருவோம்" என்றார் அப்பா.

எனக்கு முகம் சுட்டது. வெளிநாட்டுப் பெருநகரங்களில் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்த சேவை அது. இங்கே தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளுக்கு நடுவே வேகமான கண்ணாடி இழைக் கேபிள் இருந்தாலும் கடை வாசல்வரை வருவது பழைய செப்புக் கம்பிதான். விண்ணப்பித்துக் காத்திருந்தால் அறுபத்து நான்கு கிலோபிட்டில் ஒரு தனி இணைப்பு கிடைக்கலாம். அவர் சொன்னதில் நூற்றைம்பதில் ஒரு பங்கு வேகம். நான் தரையைப் பார்த்தேன். தரை பளிங்கு. அதிலும் அப்பாவின் நிழல் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தது.

பேச்சு முடிந்ததும் இரண்டாம் வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். பெயர் பிலோமினா, தேவகோட்டையில் பள்ளி ஆசிரியை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் சூசைராஜுக்குக் காரைக்குடியில் மருந்து மொத்த வியாபாரம்; தேவகோட்டையில் இன்னொரு கடை.

"தேவகோட்டைக் கடையில ஒரு மருந்து இல்லைனு ஆளைத் திருப்பி அனுப்புறோம் சார். அது காரைக்குடியில கிடக்கும். ரெண்டு கடை இருப்பும் ஒண்ணாத் தெரிஞ்சா நானே அங்க உக்காந்துருவேன். திங்கக்கிழமை வேலையை ராஜினாமா பண்ணலாம்னு இருக்கேன். நீங்க சொல்றதை நம்பிப் பண்ணலாமா?"

அப்பா சிரித்துக்கொண்டே என் பக்கம் கையை நீட்டினார். "என் மகளே சொல்லட்டும். சென்னையில இதே வேலைதான் பாக்குறா."

எல்லாத் தலைகளும் திரும்பின. அப்பா என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார். ஆமாம் என்று சொல் என்பதுதான் அதற்கு அர்த்தம். நான் அவரைப் பார்க்காமல் அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னேன்.

"ராஜினாமா பண்ணாதீங்க. தேவகோட்டைக்கு இது இப்போ வராது."

"மேடம் பழைய டெக்னாலஜியைச் சொல்றாங்க" என்று மேனேஜர் குறுக்கே வந்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தார்கள். அவர் புரொஜெக்டர் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து உறையில் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு தாள் நழுவித் தரையில் வழுக்கிக்கொண்டு போனது. சூசைராஜ் எழுந்து எடுத்துக் கொடுத்தார்.

யாராவது கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவர்கள் மரியாதையாகச் சாப்பிடப் போனார்கள். "சார், நீங்களும் வாங்க, பசியோட இருக்கீக" என்று சூசைராஜ் அப்பாவின் இலையில் தண்ணீர் தெளித்து உட்காரவைத்தார். அப்பா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். அப்பாவால் வந்த வெட்கம் போய், அப்பாவுக்கு நான் செய்ததை நினைத்து வெட்கம் வந்திருந்தது.

அதே காரில் திரும்பினோம். காரைக்குடியில் மதுரை பஸ் நின்றது. அப்பா ஏறவில்லை.

"எனக்குத் தெரியாம பேசினேன்னு நெனச்சியா?" என்றார். "முப்பது வருஷம் கம்பியோட கிடந்தவன். தெரியும்."

"அப்புறம் ஏன்ப்பா?"

"ரிட்டயர் ஆனப்புறம் யாரும் என்கிட்ட ஒரு சந்தேகம் கேட்டதில்ல. இன்னைக்குக் கேட்டாங்க." பிறகு, "தேவகோட்டை பஸ் எங்குட்டு நிக்கும்னு கேளு" என்றார்.

பதினெட்டு கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். கடையை விசாரித்துப் போனோம். பிலோமினா டீச்சரும் கணவரும் திரும்பி வந்திருந்தார்கள். மருந்து வாங்க நாலைந்து பேர் நின்றார்கள். அவர்கள் போகட்டும் என்று அப்பா காத்திருக்கவில்லை.

"அம்மா, காலையில நான் சொன்னது பொய். என் மகள் சொன்னதுதான் நிசம். மன்னிச்சிருங்க."

டீச்சர் கல்லாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். "அட, அதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக? எனக்கு அங்கயே சந்தேகம் தட்டிருச்சு சார். நீங்க அந்தச் செவப்புக் கோட்டைக் காட்டுனப்ப ஒங்க மக முகம் செத்துப்போச்சு. அதைப் பாத்துத்தான் நான் எந்திரிச்சுக் கேட்டேன்."

நான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மருந்து அட்டைகளைப் பார்த்தேன். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அன்று கூட்டத்துக்குப் பிறகு அவர் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"சரி, ஒங்களால நிசமா என்ன முடியும்? அதைச் சொல்லுங்க" என்றார் டீச்சர்.

அப்பா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். போன் கம்பி வழியாகக் கணினியைப் பேசவைக்கும் மோடம், கடைக்கு ஒன்று. சாயங்காலம் ஒருமுறை போன் போட்டு இருப்பு விவரத்தை மாற்றிக்கொள்ளலாம். மறுநாள் காலையில் இரண்டு கடைக்கும் தெரிந்துவிடும். அதோடு, தனி இணைப்புக்கு இன்றே விண்ணப்பம். எப்போது வரும் என்று டீச்சர் கேட்டதற்கு, "தெரியாதும்மா. வர்ற வரைக்கும் நான் அலையிறேன்" என்றார்.

அலையவும் செய்தார். கம்பெனியை விட்டுவிட்டார். மதுரைக்கும் காரைக்குடிக்கும் சொந்தச் செலவில் போய்வந்தார். அடுத்த வருடம் இணைப்பு வந்தது, அறுபத்து நான்கு கிலோபிட்தான். டீச்சர் அதை ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் ராஜினாமா கொடுத்தார். உண்மையான ஈதர்நெட் சேவை அந்தத் தெருவுக்கு வர இன்னும் பல வருடம் ஆனது.

கேள்வி கேட்ட நண்பருக்கு: காரைக்குடியும் தேவகோட்டையும் பார்க்க ஒரு நாள் போதும், காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால். கானாடுகாத்தானையும் சேர்த்தால் ஓர் இரவு தங்குங்கள். சேவை விற்க வருபவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: கண்ணாடி இழை என் வாசல்வரை வருகிறதா, சொல்லும் வேகம் எப்போதும் கிடைக்குமா அல்லது எப்போதாவதா, அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் யார் வருவார்கள். பதிலை வாயால் வாங்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.

உங்கள் வீட்டு மனிதரோடு அப்படியொரு கூட்டத்துக்குப் போவதாக இருந்தால், போகும் பஸ்ஸிலேயே அவருடைய தாள்களை வாங்கிப் பார்த்துவிடுங்கள். அன்று என் பக்கத்து இருக்கையில் இரண்டரை மணி நேரம் அவை அப்பாவின் மடியில் இருந்தன. நான் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு வந்தேன்.