குங்குமம் வைத்த தீர்ப்பு

கோட்டக்குப்பம் தாண்டியதும் இடது செருப்பின் வார் அறுந்தது. இரண்டையும் கழற்றிச் சாலையோரம் போட்டுவிட்டு வடக்கே நடந்தேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, ஆறாம் வகுப்பு. அதற்கு மேல் நான் படிக்கவில்லை. பிறகு எத்தனையோ ஊர்களை விட்டுக் கிளம்பி நடந்திருக்கிறேன். பாதி ஊர்களை விட்டு ஏன் கிளம்பினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அன்றைய காரணம் மட்டும் மறக்கவில்லை.

எங்கள் வீடு புதுச்சேரியில், மில்லுக்குப் பின்னால், அம்மன் கோயில் தெருவில் இருந்தது. கோயிலை ஒட்டி ஒரு குளம். ஆடித் திருவிழாவில் முதல் மரியாதை எங்கள் வீட்டுக்குத்தான். பெரியப்பா தலையில்தான் பரிவட்டம் கட்டுவார்கள். அதற்கு ஆதாரம் எங்கள் பூஜை அறையில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த ஒரு பிரெஞ்சுக் காகிதம். எங்கள் பாட்டனுக்குப் பாட்டன் ஊருக்குச் செய்த நன்மையை மெச்சி பிரெஞ்சு கவர்னர் கொடுத்த பட்டயம் என்று சொல்வார்கள். நாலு மூலையிலும் குங்குமம். ஆயுத பூஜைக்கு மாலை. பிரெஞ்சு படிக்கத் தெரிந்த ஆட்கள் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குப் போய்வந்து பென்ஷன் வாங்கும் சொல்தாக்களே தெருவுக்கு இரண்டு பேர். ஆனால் சாமி படத்தை யாராவது படித்துக்காட்டச் சொல்லிக் கேட்பார்களா?

அத்தை எங்கள் பெரியப்பாவுக்குத் தங்கை, அப்பாவுக்கு அக்கா. கன்னியர் மடத்துப் பள்ளியில் பிரெஞ்சில் படித்தவள். கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் வெறும் நெற்றியோடு திரும்பி வந்து, பெண்கள் பள்ளியில் நாலாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமையானால் குடையும் நோட்டுமாகத் தெருத்தெருவாகப் போவாள். இந்தக் கிணற்றை வெட்டியது யார், இந்தத் தெருவுக்கு முன்னால் என்ன பெயர், மில் வேலைக்கு உங்கள் வீட்டில் முதலில் போனது யார் என்று கேட்டு எழுதுவாள். குடை பிடிக்க நான் கூடப் போவேன்.

"இன்னா டீச்சரம்மா, வூட்டு வரி ஏத்தப் போறியா?" என்பார்கள் ஆண்கள்.

"எம் மாமியாரு பேசறத எழுது பாப்போம், ஒரு நோட்டு பத்தாது" என்பார்கள் பெண்கள். சிரித்துக்கொண்டே உட்காரச் சொல்வார்கள். எனக்கு முறுக்கோ கடலை உருண்டையோ கிடைக்கும். அத்தை சேரிக்கும் போவாள். அங்கேயும் உட்காருவாள், அங்கேயும் தண்ணீர் வாங்கிக் குடிப்பாள். வீட்டில் சொல்லாதே என்று மட்டும் என்னிடம் சொல்லியிருந்தாள்.

எட்டு வருஷம் இப்படி எழுதினாள். கவர்னர்கள் கதையை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், கிணறு வெட்டியவன் பெயரை யார் எழுதுவது என்பாள். நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'நம்ம ஊர்' என்று ஒரு சின்னப் புத்தகம். அதுதான் அவள் ஆசை. பள்ளியில் அச்சுப் போட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டும் இருந்தார்கள். எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் வகுப்பில் படித்துக்காட்டுவாள். பிள்ளைகள் முழிக்கிற வரியை அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதுவாள்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள், படங்களைத் துடைக்கும்போது பட்டயத்தின் பின்பலகை கழன்று வந்தது. அத்தை காகிதத்தை வெளியே எடுத்து வெளிச்சத்தில் படித்தாள். முதலில் சிரித்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே, இது பட்டயம் இல்ல. கோர்ட்டுத் தீர்ப்பு. கொளத்துல சேரி ஜனத்த தண்ணி எடுக்க வுடாம நம்ம பாட்டன் தடுத்திருக்காரு. கேசு போட்டிருக்காங்க. ஊர்ல யாரு வேணா எடுக்கலாம், இனிமே இவரு தடுக்கக் கூடாதுன்னு கண்டிச்சி எழுதியிருக்கு."

பெரியப்பா அசரவே இல்லை. "பிரெஞ்சுல அப்பிடித்தான் சுத்தி வளைச்சி எழுதுவான். ஒனக்கு இன்னா தெரியும்?"

தமிழில் கையெழுத்துப் போடவே நாக்கைத் துருத்திக்கொள்ளும் மனிதர், அத்தையின் பிரெஞ்சில் குற்றம் கண்டுபிடித்தார். அப்பா தலையாட்டினார். அம்மா கூட, "ஆம்பளைங்களுக்குத் தெரியாததா அண்ணி" என்றாள்.

அத்தை குளத்தைப் பற்றிய பக்கத்தில் தீர்ப்பை அப்படியே தமிழில் எழுதினாள். வழக்கம்போல வகுப்பில் படித்துக்காட்டினாள். அந்த வகுப்பில் சேரிப் பிள்ளைகளும் இருந்தார்கள். மறுவாரம் ஒரு பிள்ளையின் தாய் குடத்தோடு குளத்துப் படியில் வந்து நின்றாள்.

"டீச்சரம்மா எழுதிக்கிறாங்களாமே, எங்களுக்கும் பாத்தியம் உண்டுன்னு" என்றாள். சண்டைக்கு வந்த குரல் இல்லை; கேட்க வந்த குரல். பெரியப்பா குடத்தை எட்டி உதைத்தார். அது படிகளில் உருண்டு தண்ணீரில் விழுந்தது. அதை எடுக்கவும் அவளை இறங்கவிடவில்லை.

அன்றைக்கு அத்தையைக் கூடத்தில் நிற்கவைத்துக் கேட்டார்கள்.

"ஒரு பக்கந்தானே. கிழிச்சிப் போட்டுட்டு வேலயப் பாருக்கா" என்றார் அப்பா.

"ஒரு பக்கந்தானேன்னா நீங்க ரெண்டு பேரும் ஏன் இப்பிடி வேர்த்து வழியறீங்க?" என்றாள் அத்தை. நோட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் பள்ளிக்குப் போனாள்.

சாவி எங்கே இருக்கும் என்பது எனக்குத் தெரியும் என்று அப்பாவுக்குத் தெரியும். பெரியப்பா என்னை அருகில் இழுத்துத் தலையைத் தடவினார். "வர்ற ஆடிக்கு எம் பக்கத்துல ஒனக்கும் பரிவட்டம் கட்டச் சொல்றேன்டா" என்றார். நான் யோசிக்கவில்லை. ஓடிப்போய்த் தலையணை உறைக்குள் இருந்த சாவியை எடுத்தேன். ஒரு பக்கத்தைக் கிழிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அவர்களுக்கு எந்தப் பக்கம் என்று தேடப் பொறுமை இல்லை. முழு நோட்டையும் வெந்நீர் அடுப்பில் வைத்தார்கள். எட்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் எரிந்து, பெரியப்பாவுக்குக் குளிக்க ஒரு தவலை வெந்நீர் காய்ந்தது.

குளித்துவிட்டு வந்தவர் பிரெஞ்சுக் காகிதத்தைத் திரும்பச் சட்டத்தில் போட்டு ஆணியில் மாட்டினார். நாலு மூலையிலும் புதுக் குங்குமம் வைத்தார். கதம்ப மாலை போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ரெண்டுலயும் ஒண்ணுதான எழுதியிருக்கு. அத எரிச்சிட்டு இதக் கும்புடுறீங்களே" என்று கேட்டேன். அப்பா அறைந்தார். காது இரண்டு நாள் கொய்யென்றது.

சாயங்காலம் அத்தை வந்தாள். அடுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான்தான் என்று சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் புது நோட்டு ஒன்றை எடுத்துவந்து தரையில் உட்கார்ந்தாள்.

"நீயும் கூட வந்த இல்ல? ஒக்காரு. மேலத் தெருவுல மொத வூட்டுப் பெரியவரு இன்னா சொன்னாரு, சொல்லு."

எனக்கு அந்த வீட்டில் கொடுத்த முறுக்குதான் நினைவு வந்தது. அடுத்த வீடு, கடலை உருண்டை. அதற்கடுத்த வீட்டில் ஒன்றும் தரவில்லை. அந்தப் பெரியவர் அதற்குள் செத்தும் போயிருந்தார். அத்தை பென்சிலைப் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மெதுவா யோசி" என்றாள். பெரியப்பாவின் அடியைக்கூடத் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. மறுநாள் பள்ளிக்கென்று கிளம்பி வடக்கே நடந்தேன்.

அந்தப் புத்தகம் வரவில்லை. எங்கள் தெருப் பெரியவர்கள் இரண்டு பேர் போய்ப் பேசியதும் பள்ளியில் பின்வாங்கிவிட்டார்களாம். அத்தையை ஒன்றாம் வகுப்புக்கு மாற்றினார்கள். இனி அவள் அ, ஆ மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும் என்று. குளத்தையும் பின்னாளில் தூர்த்துவிட்டார்கள். இத்தனைக்கும் ஒருத்தரும் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இதெல்லாம் வெகுநாள் கழித்துக் காதில் விழுந்தது. அன்றைக்கு நான் பிள்ளைச்சாவடி வரைக்கும் நடந்து, ஒரு படகின் நிழலில் முடங்கிக் கிடந்தேன். விடிந்ததும் பசி. சாலையோரம் டீக்கடை ஒன்று இருந்தது. வேலை கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வேலன்னா கெணத்துலேந்து தண்ணி எடுத்துத் தொட்டிய ரொப்பணும். கண்டவனும் கொடத்தத் தொட்டா எனக்கு யாவாரம் ஆவாது. நீ என்னா ஆளுங்கடா?"

சொன்னேன். தயங்காமல், கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"அப்ப சரி" என்று குடத்தை என் கையில் கொடுத்தார். பகல் முழுக்கத் தண்ணீர் இறைத்தேன். உள்ளங்கை கொப்பளித்தது. ஒவ்வொரு குடத்துக்கும் மனதுக்குள் பெரியப்பாவைத் திட்டினேன். அந்த வீட்டை விட்டு வெகுதூரம் வந்துவிட்டதாகத்தான் அன்றைக்கு நினைத்துக்கொண்டிருந்தேன்.