ஹந்தானை வழியில் கழற்றிய பொனட்

செய்தியைத் தலைமையாசிரியர் நான் படிப்பித்துக்கொண்டிருந்த வகுப்பின் வாசலில் நின்று சொன்னார். நெருப்புக் காய்ச்சலோடு கண்டி ஆஸ்பத்திரியில் கிடந்த செபஸ்தியான் மாஸ்டர் அன்று காலை போய்விட்டார். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அவருடைய காரின் பொனட், இயந்திரத்தை மூடும் அந்த நீளத் தகர மூடி, அப்போதும் அவருடைய கட்டுக்கலை வீட்டின் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. அதைப் பூட்டாமலே போய்விட்டார்.

அடக்கத்தின்போது பேசியவர்கள், தோட்டத் தொழிலாளரின் லயத்தில் பிறந்து துரை மாதிரி வாழ்ந்தவர் என்று அவரைப் புகழ்ந்தார்கள். அவரோடு படிப்பித்தவர்களும் அவரிடம் படித்தவர்களும் இதை வாசிப்பீர்கள். அதனால் சொல்கிறேன்: அவர்கள் சொன்னது பொய்.

அந்த இரண்டு இருக்கைப் பந்தயக் கார் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து வெள்ளைத் துரை ஒருவருடையது. மதகில் மோதி முன்பக்கம் கோணிப்போனதை அவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போனார். வாங்க ஆளில்லாமல் கிடந்ததை மாஸ்டர் எடுத்துவந்தார். காரணம் ஒன்றுதான். அவருடைய அப்பா சவரிமுத்து அப்போதும் ஹந்தானை லயத்தில்தான் இருந்தார். வீங்கிய கால்களோடு ஞாயிறுதோறும் மலையிறங்கி மாதா கோயில் பூசைக்கு நடந்து வருவார். அவரைக் காரில் ஏற்றி வர வேண்டும்.

ஏற்றி வந்திருக்கலாம். இயந்திரம் நன்றாகவே ஓடியது. ஆனால் மாஸ்டருக்குப் பொனட் சரியாக உட்கார வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் நடுக்கீலின் கம்பியை உருவி, நான் ஒரு முனையும் அவர் மறுமுனையுமாகத் தூக்கி மேசையில் வைப்போம். ரேடியேட்டரின் அடியில் தோல் துண்டு வைப்பார். இடப்பக்கம் படிந்தால் வலப்பக்கம் விரல் நுழையும். அதைச் சரிசெய்து முடித்தால் மழை பெய்யும். பொனட் தாங்கும் பலகை ஊதி மறுபடி இடிக்கும். அவருடைய மனைவி ரோசலின் அக்கா சோற்றுச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “இந்த மேசையில சோறு வைக்கிறதா, இல்ல இதுக்கே பூசை வைக்கிறதா?”

கிழவர் நடக்கிறார், நீங்கள் தகரம் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நானும் கத்தியிருக்கிறேன். மாஸ்டர் அசையமாட்டார். ஆங்கிலப் பழக்கத்தில் என்னை ‘ஐசே’ என்றுதான் கூப்பிடுவார். “பொறுங்க ஐசே. கோணல் வண்டியில அப்பாவை ஏத்தினா லயமே சிரிக்கும்.”

கடைசியில் அது படிந்தது. கறுப்பு மையும் பூசினார். அடுத்த ஞாயிறு விடிந்ததும் இருவரும் காரில் ஹந்தானைக்கு ஏறினோம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு வளைவில் பெரியவர் எதிரே இறங்கி வந்தார். மகன் கார் வாங்கியது அவருக்குத் தெரியும். எந்தக் கார் என்று தெரியாது. அதன் முகத்தைக் கண்டதும் குடையை மடக்கினார், தலைத்துண்டை எடுத்தார், வீங்கிய காலோடு மழைநீர் ஓடும் சாலையோரக் கானுக்குள் இறங்கித் தலை குனிந்து நின்றார். துரையின் கார் வந்தால் தோட்டத்து ஆள் அப்படித்தான் நிற்க வேண்டும். இதே காருக்கு அவர் எத்தனையோ தடவை நின்றவர்.

மாஸ்டர் காரை நிறுத்தி, “அப்பா, நான்தான். ஏறுங்க,” என்றார்.

பெரியவர் கானை விட்டு வரவில்லை. “இது தொர வண்டிடா. இதுல ஏறுனா வேலையில இருந்து பேரை வெட்டிப்புடுவாங்க.”

அந்தத் துரை கப்பலேறிவிட்டார் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் அது ஏறவில்லை. மாஸ்டர் காரை விட்டு இறங்கினார். பொனட்டை இறுக்கியிருந்த தோல் வாரை அவிழ்த்தார். “ஐசே, அந்தப் பக்கம் பிடிங்க.”

அத்தனை ஞாயிறுகளின் வேலையை நடுவழியில் கழற்றித் தேயிலைச் செடிகளின் மேல் வைத்தோம். இயந்திரம் எண்ணெய் வழியத் திறந்து கிடந்தது. குழாய்களை அவர் செப்புக் கம்பியால் தாறுமாறாகக் கட்டியிருந்தார். பெரியவர் மெல்ல மேலே வந்து குனிந்து பார்த்தார்.

“இது நீ கட்டுனதா?”

“ஆமாப்பா.”

“அப்ப சரி. ஒன் வண்டிதான்.” தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். குடையை விரித்து இயந்திரத்தின் பக்கமாக நீட்டிப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு இருக்கைக் கார். ஆகவே நான் மழையில் பொனட்டுக்குக் காவல் நின்றேன். கீழே வளைவில் பூசைக்குப் போன பெண்கள், கார் கடந்தபோது கானுக்குள் இறங்காமல் நின்று பார்ப்பது தெரிந்தது. ஒருத்தி எதையோ சொல்லிச் சிரித்தாள். பெரியவரும் காரிலிருந்து பதில் சொன்னார்.

மாஸ்டர் அதோடு விட்டாரா? இல்லை. பள்ளிக்கூடத்துக்கும் பட்டணத்துக்கும் பொனட் வேண்டும். ஞாயிறு காலை ஹந்தானைக்குப் போகுமுன் கழற்றுவார், மாலையில் பூட்டுவார். கழற்றினால் கோணும், கோணினால் என்னைக் கூப்பிடுவார். சாகும்வரை இதே கூத்து; கடைசியாகக் கழற்றியதைப் பூட்டுமுன் காய்ச்சல் வந்துவிட்டது. துரை மாதிரி வாழ்ந்தாராம்! எந்தத் துரை தன் காரின் முகத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டினான்?

அடக்கத்துக்குப் பெரியவர் நடந்துதான் வந்தார், நடந்தே திரும்பினார். அந்த வழியில் துரைகளின் கார்களுக்கு ஆட்கள் இன்றும் கானுக்குள்தான் இறங்குகிறார்கள். காரை என்ன செய்வது என்று ரோசலின் அக்கா கேட்டார். வருகிற ஞாயிறு பெரியவரைக் கூட்டிவர நான் எடுத்துப் போகிறேன் என்றேன். மாஸ்டர் என்னிடம் விட்டுப்போனது அந்த வேலைதான். மேசையில் கிடப்பது அங்கேயே கிடக்கட்டும். நான் அதைத் திரும்பப் பூட்டப்போவதில்லை.