பழவேற்காட்டில் இரண்டு பேருக்கு மட்டும் ஓர் இடம்

காலை 6.40. பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் பஸ். ஏறக்குறைய பதினெட்டு கிலோமீட்டர்; டிக்கெட் ஒரு ரூபாய் முப்பது காசு. மடியில் காமிரா, அதன் மேல் என் இரண்டு கைகள்.

"இன்னா சாமி, கோயிக்குஞ்சா? இப்பிடி அணைச்சிக்கினு கீறே?" என்றார் மீன் எடுக்கப் போகும் பக்கத்து சீட்டு அம்மா.

எனக்கு நாற்பத்தேழு வயது. ஸ்டூடியோ வைத்து இருபது ஆண்டாகிறது. ஆனாலும் கல்யாணப் படம் எடுக்கப் போகிற ஒவ்வொரு முறையும் எனக்கே தாலி கட்டப் போகிறார்கள் என்பது போல முந்தின ராத்திரி தூக்கம் வராது. இது எண்பதுகளின் தொடக்கத்தில், ஓர் ஆவணி ஞாயிற்றுக்கிழமை.

8.00. கோட்டைக்குப்பம். மாப்பிள்ளை தேசிங்கு ஏரியில் தொழில் செய்பவன். பெண் தனம், எளாவூர்க்காரி. மதியச் சாப்பாட்டுக்குள் கையிலிருந்த ஒரே ஃபிலிம் சுருளின் இருபத்து நாலு படத்தில் இருபத்து மூன்று தீர்ந்துவிட்டது. தாலி கட்டும் படத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா முதுகு மிக நன்றாக விழுந்திருக்கும்.

தனம் என்னைத் தனியே கூப்பிட்டாள். "அண்ணே, என் கல்யாண போட்டோல என் வூட்டுக்காரர நானே தேடணும் போலக் கீது. ஒண்ணே ஒண்ணு, நாங்க ரெண்டு பேர் மட்டும் இருக்கற மாதிரி எடுத்துக் குடுண்ணே."

"அதுக்கென்ன!" என்றேன். இந்த வாயால்தான் எனக்கு ஆபத்தெல்லாம்.

2.15. இடம் பார்க்க தேசிங்குடன் கிளம்பினேன். முதலில் பழைய டச்சுக் கல்லறைத் தோட்டம். அமைதி, நிழல், ஆளே இல்லை. வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருந்தது. தேசிங்கு அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "கல்யாணத்தன்னிக்கேவாண்ணே?"

3.15. சரி, ஏரி. ஒரு படகு, தனத்தையும் சேர்த்து நாங்கள் மூன்றே பேர். கரையில் தனத்தின் மாமியார் எச்சரித்தார்: "நாலரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னாடி பொண்ணு வூட்ல இருக்கணும்!" என் கைக்கடிகாரம் உடனே வேகமாக ஓடத் தொடங்கியது.

மணல்திட்டு வரை நன்றாகத்தான் போனோம். காமிரா வழியே பார்த்தால் பின்னால் கரை முழுக்கச் சொந்தக்காரர்கள். "இன்னும் அப்பால போ" என்றேன். "அந்தாண்ட வேணாண்ணே" என்றான் தேசிங்கு. புது மாப்பிள்ளை வெட்கம் என்று எடுத்துக்கொண்டு, அவன் கையிலிருந்த கழியைப் பிடுங்கி நானே ஊன்றித் தள்ளினேன். படகு அதன் இஷ்டத்துக்குப் போயிற்று.

"யோவ்! யாருய்யா அது?"

இடுப்பளவு தண்ணீரில் பத்துப் பேர் வலையைச் சுற்றி நின்றிருந்தார்கள். முன்னால் நின்றவர், ஏழுமலையாம், தேசிங்கைப் பார்த்துக் கத்தினார். "இன்னிக்கு யார் பாடுன்னு உனுக்குமா தெரியாது?"

ஏரியில் ஒவ்வொரு இடத்துக்கும் முறை உண்டு; அதைத்தான் பாடு என்கிறார்கள். அன்று அந்த இடம் பக்கத்துக் குப்பத்தாருடையது. அன்றை விட்டால் அவர்களுக்கு அடுத்த முறை பன்னிரண்டு நாள் கழித்துத்தான். தேசிங்கு தலை குனிந்தான், என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கழியோ என் கையில்.

"நான்தாங்க" என்றேன்.

"அசையாதே. இன்னொரு தபா கழி ஊனினா எறா கலைஞ்சிடும். வலை ஏர்ற வரிக்கும் அப்டியே இரு."

"எவ்வளவு நேரங்க ஆகும்?"

"எறாவக் கேளு."

இருபது ஆண்டாக ஊரையே 'அசையாதீங்க' என்று அதட்டியவன், மூச்சைக்கூடத் தவணையில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

4.05. வலை ஏறியது. நல்ல இறால். ஏழுமலையின் முகம் தெளிந்தது. "எங்க பாடு எடத்துல நின்னு எடுக்கறே, எங்களியும் சேத்து எடு" என்று பத்துப் பேரும் படகைச் சூழ்ந்தார்கள்.

மிச்சம் ஒரே படம். நச்சரிப்பவர்களுக்கு வெறும் ஃபிளாஷை மட்டும் மின்ன விடுவது எங்கள் தொழில் தந்திரம். கை அதற்குப் போயும்விட்டது. ஆனால் பாடு மீறியதற்குப் பஞ்சாயத்துக்கு இழுக்காமல் விட்டவர்களை ஏமாற்ற மனசு வரவில்லை.

தனம் என் முகத்தைப் படித்துவிட்டாள். "எத்தினி கீதுண்ணே?"

"ஒண்ணு."

கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஏழுமலையிடம், "அண்ணே, நீங்க அந்தாண்ட வலையாண்டயே எறாக் கூடையோட நில்லுங்களேன். அதான் எடுப்பா இருக்கும்" என்றாள். பத்துப் பேரும் பெருமையாகத் திரும்பி நடந்தார்கள்.

படகில் தனமும் தேசிங்கும் படத்தின் இடது பக்கம். தூரத்தில், கட்டைவிரல் அளவில், வலைக்காரர்கள் வலது பக்கம். நினைத்திருந்தால் அவர்களை மங்கலாக்கியிருப்பேன். செய்யவில்லை. 4.16க்கு அழுத்தினேன். தேசிங்கு கழி போட்ட வேகத்தில் 4.28க்கு வாசலில் ஆரத்தி.

மாலை பஸ்ஸில், பாதி வழியில்தான் மண்டையில் ஏறியது: ஒரு நெகடிவ்விலிருந்து எத்தனை படம் வேண்டுமானாலும் போடலாம், வேண்டாததை வெட்டியும் போடலாம். பயத்தில் சொந்தத் தொழிலே மறந்திருக்கிறது.

அடுத்த வாரம் இருவரும் பொன்னேரிக்கு வந்தார்கள். முழுப் படம் பெரிதாக இரண்டு பிரதி, ஒன்று ஏழுமலைக்கு. இருவர் மட்டும் உள்ளது சின்னதாக ஒன்று. தனம் சின்னதைப் பார்த்தாள், என் ஸ்டூடியோ திரையில் வரைந்திருந்த ஏரியையும் பார்த்தாள்.

"இதுக்கு இங்கியே எடுத்திருக்கலாமேண்ணே. எந்த ஏரின்னே தெர்ல."

பெரியவற்றைத் தேசிங்கிடம் கொடுத்தாள். சின்னதை அவன் கேட்டும் தரவில்லை. பர்ஸுக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.