கையெழுத்து மாத்திரை

பதினைந்து வயதில் எனக்கு முகப்பரு வந்தது என்றால் அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அந்த வயதில் எல்லாருக்கும் வருவதுதான். எனக்கு வந்தது கொஞ்சம் வேறு மாதிரி. கன்னத்திலும் தாடையிலும் கட்டி கட்டியாக, தொட்டாலே வலிக்கும்படி உள்ளேயிருந்து சீழ் பிடித்துக் கிளம்பியது. காலையில் எழுந்தால் தலையணை உறையில் இரத்தப் புள்ளிகள் இருக்கும். ஈப்போவில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியில் லிஃப்ட் அடிக்கடி பழுதாகிவிடும். ஆறு மாடி இறங்குவதற்குள் எதிரே வந்த ஒவ்வொருவரும் ஒரு வைத்தியம் சொன்னார்கள். வேப்பிலை அரைத்துப் போடு, கோழி சாப்பிடாதே, முகத்தை நன்றாகக் கழுவு. கழுவாமலா இருந்தேன்? ஒரு நாளைக்கு ஏழு தடவை கழுவினேன்.

வகுப்பில் ஒருவன் எனக்கு டுரியான் என்று அந்த முள் பழத்தின் பெயரை வைத்தான். அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன். மறுநாளிலிருந்து வாரத்தில் இரண்டு நாளாவது பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் எனக்கு வயிற்றுவலி வந்தது.

முதலில் உதவிக்கு வந்தவர் அத்தை. ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து அப்பாவைப் பார்க்க வந்தவர், பெயர் எதுவும் ஒட்டாத ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்தார். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கியதாம். மூன்றே நாளில் முகம் பளபளவென்று ஆகிவிட்டது. அத்தைக்குப் போன் போட்டு நன்றி சொன்னேன். டப்பா தீர்ந்த அதே வாரத்தில் முகம் முழுக்கச் சிவந்து எரிந்து, முன்பிருந்ததைவிட இரண்டு மடங்கு கட்டிகள் வந்தன. அத்தை நல்ல எண்ணத்தோடுதான் கொடுத்தார். இன்னொரு டப்பா அனுப்பட்டுமா என்றும் கேட்டார்.

அப்போதுதான் அம்மா வேலைக்கு லீவு போட்டு என்னை அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். அம்மா பேரங்காடியில் காய்கறிகளை எடை போட்டு விலை ஒட்டும் வேலையில் இருந்தார். கோலா கங்சார் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவர். மலாய் பேசுவார், வாசிப்பதுதான் சிரமம். டாக்டர் அந்தக் காலி டப்பாவைப் பார்த்துவிட்டு, இந்த மாதிரிக் கிரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், இனிமேல் தொடவே கூடாது என்றார். தடவ ஒரு களிம்பும், சாப்பிட்ட பிறகு விழுங்க ஆண்டிபயாட்டிக்கும் கொடுத்தார். அந்தக் களிம்பு பட்ட துணியெல்லாம் சாயம் போயிற்று. நான் தெரியாமல் முகம் துடைத்த அப்பாவின் நீலத் துண்டு திட்டுத் திட்டாக வெளுத்தது. கேமரன் மலையிலிருந்து காய்கறி லாரி ஓட்டி வருகிற அப்பா, அதைத் தோளில் போட்டுக்கொண்டேதான் சிம்பாங் பூலாயில் தேநீர் குடிக்க இறங்குவார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மூன்று மாதத்தில் சின்னப் பருக்கள் அடங்கின. கட்டிகள் அசையவில்லை. கிளினிக் டாக்டர் பெரிய மருத்துவமனையின் தோல் பிரிவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அங்கிருந்த டாக்டர் என் முகத்தை விளக்கின் கீழ் வெகுநேரம் பார்த்தார். தழும்பு விழ ஆரம்பித்துவிட்டது, இனிக் களிம்பு போதாது, மாத்திரை ஒன்று இருக்கிறது என்றார். அதற்கு மாதாமாதம் இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், வெயிலில் அலையக் கூடாது, உதடு வெடிக்கும். எல்லாவற்றுக்கும் அம்மா தலையாட்டினார். பிறகு தமிழ் நர்ஸ் ஒருவர், மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம், எங்களைப் பக்கத்து மேசைக்குக் கூட்டிப் போய், என் கையில் சிறுநீர் எடுக்க ஒரு சின்னக் குப்பியையும், அம்மா முன்னால் ஒரு காகிதத்தையும் வைத்தார். மாத்திரை சாப்பிடும் காலத்தில் நான் கர்ப்பமாகக் கூடாது. அதற்கு அம்மா கையெழுத்துப் போட வேண்டும்.

அம்மாவின் முகம் மாறிவிட்டது. "எம்பொண்ணு படிக்கிற பொண்ணு. இந்தக் காகிதம் எதுக்கு?" என்றார். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

மிஸ்ஸி கோபப்படவில்லை. "அக்கா, இது உங்க பொண்ணப் பத்தின காகிதம் இல்ல, மருந்தப் பத்தின காகிதம். வயித்துல பிள்ள இருந்தா இந்த மாத்திர அதக் கெடுத்துடும். கன்னியாஸ்திரி வந்தாலும் கையெழுத்து வாங்குவோம்லா."

அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்தவரிடம், எனக்கு மாத்திரையே வேண்டாம், வாங்கம்மா போலாம் என்றேன். அழுகையை அடக்கியதில் தாடையில் ஒரு கட்டி உடைந்து சட்டைக் காலரில் வழிந்தது. அம்மா அதைப் பார்த்தார். கைக்குட்டையால் ஒற்றி எடுத்தார். பிறகு எழுந்து உள்ளே போய், மிஸ்ஸியிடம் பேனாவை வாங்கி, தமிழில் தன் பெயரை எழுதினார்.

வீட்டில் அப்பா, அண்ணன் எல்லாருக்கும் அது கையெழுத்து மாத்திரை என்றே ஆகிவிட்டது. முதல் மாதம் கட்டிகள் கூடின. உதடு வெடித்தது, மூக்கில் இரத்தம் வந்தது. நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வேன். அம்மா தன் பாயை என் அறைக்குக் கொண்டுவந்தார். இன்று யாரோடு பேசினாய், ஏன் சோறு மிச்சம் வைத்தாய், கதவை எதற்குச் சாத்துகிறாய் என்று ஓயாமல் கேட்டார். வேலை நேரத்தைக் காலைக்கு மாற்றிக்கொண்டு, மதியம் பள்ளி வாசலில் வந்து நின்றார். என் தோழியிடம் தனியாக ஏதோ விசாரித்ததையும் பார்த்துவிட்டேன். எல்லாம் அந்தக் காகிதத்தால் வந்த சந்தேகம் என்று எனக்குத் தோன்றியது. ஒருநாள் பொறுக்க முடியாமல், என்மேல் நம்பிக்கை இல்லையா, எவனோடாவது போய்விடுவேன் என்று பயமா என்று கத்திவிட்டேன். அம்மா சோற்றுத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "சாப்பிட்டுட்டுக் கத்து" என்றார்.

நான்காம் மாதத்தில் புதிதாகக் கட்டி வரவில்லை. எட்டாம் மாதம் மாத்திரை நின்றது. கன்னத்தில் நான்கைந்து குழிகள் தங்கிவிட்டன, அவ்வளவுதான். ஆனாலும் அம்மாமேல் இருந்த மனத்தாங்கல் மட்டும் எனக்கு நெடுநாள் தீரவில்லை.

போன தீபாவளிக்கு அண்ணன் வீட்டில் பேச்சுவாக்கில் இந்தக் கதை வந்தது. அம்மா என்னை வேவு பார்த்ததைச் சிரிப்பாகச் சொன்னேன். அண்ணன் சிரிக்கவில்லை. மாத்திரை வாங்கி வந்த அன்று, அதோடு கொடுத்த மலாய்க் காகிதத்தை அம்மா அவனிடம் நீட்டி, ஒரு வரி விடாமல் தமிழில் சொல்லச் சொன்னாராம். சிலருக்கு மனம் சோர்ந்து போகலாம், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூட வரலாம், வீட்டார் கவனித்துக்கொள்ளவும் என்று ஓர் இடத்தில் இருந்ததாம். அதை மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாராம். என்னிடம் சொல்லக் கூடாது என்று அவனிடம் சத்தியமும் வாங்கினாராம்.

பிறகு, கவனிப்பதென்றால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாராம். அண்ணனுக்கு அப்போது பத்தொன்பது வயது. அவனுக்கும் தெரியவில்லை. தனியாக விடாமல் இருக்க வேண்டும் போல என்று சொல்லிவைத்தானாம்.